சாபம் என்று திரும்பி வந்த கேம்

ஐப்பசி 12, புதன்.

நான் தமிழ் வசனம் எழுதிய வீடியோ கேமை இரண்டு நாடுகளில் கடைகளிலிருந்து திரும்பப் பெறுகிறார்கள். தோற்றுக் கிடக்கும் மகனை அதில் அம்மா, "நாசமாப் போறவனே, எந்திரி" என்று எழுப்புகிறாள். அங்குள்ள தமிழர்களுக்கு அது சாபமாம். திண்டுக்கல்லில் அதைச் சொல்லாமல் யாரும் பிள்ளைக்குச் சோறு போடுவதில்லை.

அந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்த மும்தாஜ் அக்கா தானாகச் சேர்த்துப் பேசியது என்று நான் எழுதிக் கொடுத்தால் என் வேலை தப்பும். கம்பெனி கடிதத்தைத் தட்டச்சு செய்தே அனுப்பியிருக்கிறது. கையெழுத்து மட்டும் பாக்கி. நாளை காலை பத்து மணி வரை கெடு.

சாயங்காலம் அக்காவே போன் செய்தார்.

"கேமத் திரும்ப வாங்குறாங்களாமே தம்பி. நீ எழுதிக் குடுத்ததத்தான வாசிச்சேன்?"

"வசனம் எழுதுன பேப்பரப் பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்றேன்.

கடிதத்தை இன்னும் கிழிக்கவில்லை.