போட்டியில்லாமல் கிடைத்த நாற்காலி

ஜூன் 3
இன்று சந்தை வியாபாரிகள் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கினார்கள். போட்டியே இல்லை. கமிட்டியில் ஐந்து பேர்; மனு ஒன்றே ஒன்று, என்னுடையது. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சர்க்கரை மொத்த வியாபாரிதான் முதலில் எழுந்து கைகுலுக்கினார். இருபத்தாறு வருடத்துக்கு முன் வெங்காய மூட்டை சுமக்க இந்தச் சந்தைக்குள் வந்தவன் நான்; இன்று முனையில் சொந்தமாக வெங்காய மண்டி.

வீட்டில் சொன்னேன். "அஞ்சு பேருல ஒருத்தருக்குக்கூடவா ஆசை வரல?" என்றாள் மனைவி. சிரித்து மழுப்பினேன்.

ஜூன் 4
அவள் கேட்டது உறுத்துகிறது. ஏலத்தில் யாரும் கை தூக்காத குவியலைக் கிளறிப் பார்க்காமல் நான் எடுத்ததே இல்லை. அடியில் அழுகல் இருக்கும். நேற்று ஏன் கிளறவில்லை?

ஜூன் 6
கிளறிவிட்டேன். உடம்பு முடியவில்லையென்று விலகிய பழைய தலைவர், பாத்திரக்கடைக்காரர், ஒற்றை ஆளாகச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நடிக்காதீங்கண்ணே. என்ன விஷயம்?"

"கட்டடம் பத்திரமா இருக்குன்னு வருஷா வருஷம் தலைவர் கையெழுத்துப் போடணும் தம்பி. அஞ்சாவது தூணைப் பாத்துட்டு வா. அப்புறம் எனக்கு இடுப்புவலியான்னு கேளு."

தூணடியில் தையல்காரப் பெண் துணிகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். விலக்கினேன். விரிசலுக்குள் என் சுண்டுவிரல் போகிறது. நேர் மேலே மாடியில் சர்க்கரைக்காரரின் கிடங்கு. எண்ணூறு மூட்டை.

ஜூன் 7
மாடியில் மூட்டை இழுக்கும் சத்தம் கேட்டாலே எழுந்துபோய் அந்தத் தூணைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஜூன் 9
நகராட்சியிலிருந்து சான்றிதழ்ப் படிவம் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் சந்தைக்குப் பூட்டு. நூற்று நாற்பது கடை. அனுப்பி, தூண் விழுந்தால்? நான்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே போவதைவிட — அடியில் யார் யார் இருப்பார்கள்?

கமிட்டியைக் கூட்டி, மூட்டைகளை இறக்கச் சொன்னேன்.

"எங்க இறக்குறது, உன் தலையிலயா?" என்றார் சர்க்கரைக்காரர். "கீழ பூரா ஈரம். என் சரக்கு பாகாப் போயிடும். உன்னைத் தலைவராக்கினதே ஒரு கையெழுத்துக்குத்தான். போட்டுட்டுப் போவியா!"

மற்ற நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் நாற்காலி கண்ணை மறைத்துவிட்டது.

ஜூன் 10
ராஜினாமா எழுதினேன். கிழித்துப்போட்டேன். நான் போனால் இன்னொரு ஏமாளி வருவான். தூண் அதே தூண்.

ஜூன் 11
மேலிருந்து ஒரு பெரிய காரைக்கட்டி தையல் மிஷின் மேல் விழுந்திருக்கிறது. அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாளாம். "தப்பிச்சேண்ணே, மிஷினுக்குத்தான் அடி" என்று சிரிக்கிறாள். என்னடா பண்ணப்போற நீ? காலையில திரும்ப அங்கதான் உக்காரப்போறா.

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அந்த ஆளுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?" என்றாள். "மிரட்டத் தெரியாது உங்களுக்கு. வியாபாரம் தெரியுமில்ல?"

ஜூன் 12
விடிந்ததும் போய்க் கேட்டேன். சர்க்கரைக்காரர் யோசிக்கவே இல்லை. "கீழ காஞ்ச இடம் ஒண்ணுதான் இருக்கு. உன் முனை மண்டி."

தரையை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி நான் கட்டிய மண்டி. மூன்று பக்கமும் வாசல். தலையாட்டினேன். பாத்திரக்கடைக்காரர் சாட்சி.

பேசி முடித்தது: முனை மண்டி அவருக்கு, எனக்குப் பின்வரிசையில் அவருடைய சின்னக் கடை. இன்று மதியமே மூட்டை இறங்கத் தொடங்கவேண்டும், பதினெட்டாம் தேதிக்குள் மாடி காலி. மாடிச் சாவி என்னிடம். தூணுக்கு முட்டுக் கொடுத்து, பொறியாளர் சரியென்று எழுதித் தந்தபிறகே என் கையெழுத்து. அதுவரை தையல் மிஷின் என் கடைக்குள், வாடகை கிடையாது.