இரண்டு பொட்டலமும் ஒரு ஜெர்மன் வகுப்பும்

மச்சான்,

இன்று காலை பூக்காரம்மா கூடை நிறையச் செவ்வரளியை ஈர வாழையிலையால் மூடிக் கொடுத்தாள். இலை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஜெர்மன் ஞாபகம் வந்துவிட்டது. கடலூரில் வாழையிலையை முகர்ந்து ஜெர்மனியை நினைக்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எல்லாம் உன்னால் வந்த வினை.

அறுபதுகளின் நடுவில் நாம் இருவரும் துறைமுகத்துப் பட்டறையில் படகு இன்ஜின் பழுது பார்த்துக்கொண்டிருந்தோம். நெய்வேலியில் ஜெர்மன் இயந்திரங்கள் ஓடுகின்றன, அந்தப் பாஷை தெரிந்த மெக்கானிக்கைக் கொத்திக்கொண்டு போவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, என்னையும் இழுத்துக்கொண்டு சிதம்பரத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தாய். வேலை விட்டதும் கையில் கிரீஸ் வாடையோடு ரயில் ஏறுவோம். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தமாகப் பாடம் சொல்வாய். "நல்ல புள்ளயா இருந்துது, இப்டி ஆயிப்போச்சே" என்று எதிரில் இருந்த மீன்கூடைக்காரி ஒருத்தி உன் நெற்றியில் விபூதி பூசிவிட்டாள்.

உனக்குப் பாஷை ஏறியது. எனக்கு ஏறவே இல்லை. மேசை ஆண்பாலாம், சின்னப் பெண் அஃறிணையாம்! "இது உன் தங்கச்சி காதுல வுழுந்தா வெளக்கமாத்தத் தூக்குவா மச்சான்" என்றேன். அவளைக் கட்டியவன் நானல்லவா, எனக்குத் தெரியாதா? வாத்தியார் எதைக் கேட்டாலும் "இஷ் ஃபெர்ஷ்டேயெ நிஷ்ட்" என்பேன். எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் ஜெர்மன்காரன் மாதிரியே சொல்வதாக அவர் பாராட்டினார்.

வகுப்பு கரைந்து கரைந்து கடைசியில் நாம் இருவர்தான் மிஞ்சினோம். இனி ஒருவர் நின்றாலும் மூடிவிடுவேன் என்றார் வாத்தியார். அன்றைக்குப் பார்த்துத்தான் நான் நிற்கப்போவதாகச் சொன்னேன். நான் நின்றால் உன் நெய்வேலியும் போச்சு. அன்று ரயிலில் நீ பாடப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. இறங்கும்போதுதான், "நாம பேசி ஆவாது மாப்ள, ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றாய்.

வெள்ளை வந்தால் வகுப்பு, சிவப்பு வந்தால் எனக்கு விடுதலை. மறுநாள் கோவிலில் நீயே பூக்களை வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, இரண்டு பொட்டலத்தையும் அம்மன் முன்னால் போட்டாய். உன் தங்கை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"ஆத்தாளே சொல்லிட்டா. இன்னா மொறைக்கிற?" என்றாய்.

"ஆத்தாளுக்கு ஜெர்மன்ல இன்னா ஜோலி?"

நீ சூடம் வாங்கப் போனபோது மிச்சமிருந்த பொட்டலத்தை நான் பிரித்தேன். அதிலும் வெள்ளை. அடப்பாவி! கோவில் வாசலில் தும்மினால்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பயந்தாங்கொள்ளி நீ. அப்படிப்பட்ட நீயே அம்மனிடம் கைவரிசை காட்டியிருக்கிறாய் என்றால் அந்த வேலை மேல் எத்தனை ஆசை இருந்திருக்க வேண்டும்? கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பொட்டலத்தைப் பழையபடி மடித்து வைத்துவிட்டேன். உன் தங்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பரீட்சை வரைக்கும் அந்த பெஞ்சைத் தேய்த்தேன். நீ பாஸாகி நெய்வேலிக்குப் போனாய். நான் ஃபெயிலாகிப் பட்டறைக்கே திரும்பினேன். அதன் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் வந்து அம்மன் காலடியில் ஒரு கூடை செவ்வரளி கொட்டுவாய். "இன்னா மச்சான், செவப்பு ஜாஸ்தியா இருக்கு?" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். எனக்குத் தெரியும் என்பது உனக்குக் கடைசிவரை தெரியாது.

நீ இல்லாமல் வருகிற முதல் ஆடி இது. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது மச்சான். அதனால்தான் இன்று உன் கூடையை நான் தூக்கிக்கொண்டு போகிறேன். அன்றைக்கு ஏன் இரண்டிலும் வெள்ளை என்று ஆத்தா கேட்டால், உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். சொல்வதற்கு என்னிடம் ஒரு ஜெர்மன் வாக்கியம் இருக்கிறது.