ஒரு கைக்கு ஏற்ற தோசைக்கல்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே கொளுத்துகிறது. மதியம் மழை நிச்சயம். துணி வெளியே போடவில்லை.

ஸ்டெல்லாவுக்கு மருந்து கொடுத்தாயிற்று. ரொட்டி, ஜாம், தேநீர். நேற்றும் ரொட்டிதான். முந்தாநாளும். ரொட்டிக்காரன் இப்போதெல்லாம் ஹாரன்கூட அடிப்பதில்லை, நேராக நம் வாசலில் வந்து நிற்கிறான்.

ஷீலா போன். மகள் இருப்பது பெட்டாலிங் ஜெயாவில், நிர்வாகம் செய்வது பண்டமாரானில் உள்ள என் வீட்டை. "அப்பா, கேரியர் சாப்பாடு ஏற்பாடு பண்ணிட்டேன். நோன்புப் பெருநாள் முடிஞ்சு வர்ற திங்கள்ல இருந்து வீட்டுக்கே வரும், மூணு வேளையும். நீங்களும் அம்மாவும் கஷ்டப்பட வேணாம்லா."

ஸ்டெ.விடம் சொன்னேன். "சரி" என்றாள். டிவியைப் பார்த்தபடியே.

அந்த ‘சரி’தான் எனக்குப் பிடிக்கவில்லை. கோயில் திருவிழாவில் யாரோ வைத்த சாம்பாலை, பெலாச்சான் இறால் விழுது போட்ட மிளகாய்த் தொக்கை, முகர்ந்து பார்த்து, "பெலாச்சான் வேகல" என்று தள்ளிவைத்தவள். இன்னொருத்தி கைச் சமையல் மூன்று வேளை என்றால், பழைய ஸ்டெ. வீட்டையே இரண்டாக்கியிருப்பாள்.

போன வருடம் ஸ்ட்ரோக். கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது. வலது கைதான் வரவில்லை. விரல் மடங்கும், பிடி நிற்காது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் தோசை சுடுகிறேன் என்று போனாள். இரும்புக் கல்லை இடது கையால் தூக்கும்போது தவறவிட்டாள். கால் தப்பியது, தரை ஓடு உடைந்தது. அன்றோடு சமையலறைப் பக்கம் போவதில்லை. குடிக்கத் தண்ணீர்கூட என்னிடம்தான் கேட்கிறாள்.

முடிவு செய்துவிட்டேன். கேரியர் வருவதற்குள் அவள் கையால் தோசை. இரும்பு கனம், அதனால் விழுந்தது. லேசான நான்-ஸ்டிக் கல் வாங்கினால் விழாது. துறைமுகத்தில் இத்தனை வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவனுக்கு எடை தெரியாதா?

மழை வந்தது. நான் சொன்னேன் அல்லவா.

மார்ச் 5, வியாழன்

கிள்ளான் லிட்டில் இந்தியா. வாங்கியவை: இருமல் மருந்து, விளக்குமாறு, முருங்கைக்காய், தோசைக்கல்.

பாத்திரக் கடைக்குப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு சட்டியாக மாட்டித் தூக்கிப் பார்த்தேன். கடைப்பெண் கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"அங்கிள், பிளைட்ல கொண்டு போறீங்களா?"

"இல்லமா. அடுப்புக்கு."

இருப்பதிலேயே லேசானதை எடுத்தேன். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, நீளக் கைப்பிடி. "இது ரொம்ப மெலிசு அங்கிள், நாள்பட வராது" என்றாள். பரவாயில்லை. எனக்கு நாள்பட வேண்டாம், பெருநாள் வரைக்கும் வந்தால் போதும்.

திரும்பி வர ஒரே ஜாம். நோன்பு மாதம், சாயங்காலமானால் பாசார் ரமதான் சந்தைப் பக்கம் வண்டி நகராது. தவக்காலத்துக்கு பீரை விட்டதை அந்த ஜாமில் உட்கார்ந்திருக்கும்போது நினைத்து நொந்துகொண்டேன்.

ஸ்டெ. சட்டியைப் பார்த்தாள். "அழகா இருக்கு." டிவி.

மார்ச் 6, வெள்ளி

புதுச் சட்டியை அடுப்பில் வைத்துப் பார்த்தேன். கைப்பிடிப் பக்கம் சாய்கிறது. மாவு ஊற்றினால் நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

ஜெஞ்சாரோமில் இருக்கும் பெரியக்காவுக்கு, ஸ்டெ.வின் அக்காவுக்கு, போன் போட்டேன். புதுத் தோசைக்கல் வாங்கியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாவு கொண்டுவாருங்கள், தங்கச்சியைக் கொஞ்சம் அடுப்படிக்குத் தள்ளுங்கள் என்றேன். அவருக்கு ஒரே குஷி. "நா பாத்துக்கறேன் மாப்ள!"

மார்ச் 8, ஞாயிறு

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

காலைப் பூசைக்கு நான் மட்டும் போனேன். பெரியக்கா வந்து ஸ்டெ.வோடு இருந்தார். திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போதே தீய்ந்த வாடை. பிளாஸ்டிக் எரிகிற மாதிரி. ஓடினேன். சமையலறை முழுக்கப் புகை. அடுப்பு முழுத் தீயில். என் புதுச் சட்டி மேல் எண்ணெய் கொதிக்கிறது. பெரியக்கா பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தேய்க்கிறார். பக்கத்தில் புளி, கல்லுப்பு, தேங்காய் நார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"கல்லப் பழக்கறேன் மாப்ள. புதுக் கல்லப் பழக்காம எப்பிடிச் சுடறது? ராத்திரி கஞ்சித்தண்ணி ஊத்தி வைக்கணும், நாளைக்கு மறுபடி காய வைக்கணும்."

"இது கல்லு இல்லக்கா!"

"பின்ன என்ன? நீங்கதான தோசக்கல்லுன்னு சொன்னீங்க?"

சொன்னேன்தான். வாய் நிறையச் சொன்னேன். கல் என்றால் அவர் கல்லுக்குச் செய்வதைத்தானே செய்வார். ஏற்கெனவே புளியும் உப்பும் போட்டு நாரால் தேய்த்துவிட்டாராம். நடுவில் கறுப்புப் பூச்சு கொப்புளித்து, உரிந்து, அடியில் அலுமினியம் வெள்ளையாகச் சிரிக்கிறது. சன்னல் எல்லாம் திறந்தேன். சட்டியை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

"நல்லாப் பழகிருச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஸ்டெ. சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சிரிக்கிறாள். வாய் ஒரு பக்கமாக இழுக்க, கண்ணில் தண்ணீர் வர. பெரியக்காவும் சிரிக்க ஆரம்பித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது யோசித்துப் பார்த்தால், அவள் வாசல் வரைக்கும் வந்திருக்கிறாள்.

மார்ச் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி. பந்து அமுக்குதல், துணிக் கிளிப் மாட்டுதல். பயிற்சி கொடுக்கும் பெண் கேட்டாள், "ஆன்டி வீட்டுல என்ன வேலை செய்யறாங்க?"

"ஒண்ணும் செய்ய விடறதில்ல. எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்றேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். எதையோ எழுதிக்கொண்டாள். ஸ்டெ. என்னைப் பார்க்காமல் கிளிப்பைப் பார்த்தாள்.

மார்ச் 11, புதன்

கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் போய் இன்னொரு சட்டி. இதுவும் லேசு, பூச்சு கொஞ்சம் கெட்டி. கூடவே மரக்கரண்டி. பெரியக்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் ‘சட்டி’ என்றுதான் சொல்வேன், இனி கல் என்ற பேச்சே கிடையாது.

சாயங்காலம் ஸ்டெ.வைப் பேசிப் பேசிக் கூட்டிவந்தேன். அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தேன். மாவைக் கரண்டியில் அள்ளிக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி ஊற்றினாள். வட்டமாக இழுக்க ஆரம்பித்ததும் சட்டியும் கூடவே சுற்றுகிறது. கைப்பிடியைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கைதான் இல்லை. வலது கையை மெதுவாகக் கைப்பிடிமேல் கொண்டுபோய் வைத்தாள். நழுவியது. சட்டி சாய்ந்து, மாவு பர்னரில் வழிந்து, தீ புஸ்ஸென்று அணைந்தது.

நான் எட்டிப் பிடித்தேன். "விடு விடு, நான் சுடறேன்."

கரண்டியை மேடைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். போய்விட்டாள்.

அவ்வளவு மெதுவாக வைத்ததற்குப் பதில் வீசியிருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

மழை விடவில்லை. ஸ்டெ.விடமிருந்து கேட்டதற்கு மட்டும் பதில்.

மனது கனமாக இருக்கிறது. கேரியர்தான் வரட்டுமே, இவளை ஏன் பாடாய்ப் படுத்துகிறேன் என்றுகூடத் தோன்றியது. தோன்றியதோடு சரி. எண்பது டன் கப்பல் சரக்கையே இரும்புக் கயிற்றில் கட்டி நகராமல் நிறுத்தியவர்கள் நாங்கள், ஒரு தோசைச் சட்டி நகராமல் நிறுத்த முடியாதா?

ஸ்டோரிலிருந்து தச்சு இடுக்கியும் கம்பியும் எடுத்து வந்து, சட்டியை அடுப்போடு சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம்.

"என்ன பண்றீங்க?"

"கட்டறேன். நகராது."

"அப்புறம் எப்பிடிக் கழுவறது?"

அதை யோசிக்கவில்லை. முறுக்குவதை நிறுத்தவும் இல்லை.

"தான் புடிச்ச முயலுக்கு மூணு காலு" என்றாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள், "லேசான சட்டி, லேசான சட்டின்னு எதுக்குங்க அலையறீங்க? சட்டிய யாரு தூக்கப் போறா? தூக்க வேண்டியது தோசையதான?"

இடுக்கி கையிலேயே நின்றுவிட்டது.

"அன்னிக்கு அந்தக் கல்ல எதுக்குத் தூக்கினேன்? நீங்க கழுவி மேல் தட்டுல ஏத்திட்டீங்க. முன்ன எல்லாம் அது அடுப்பு மேலயேதான கெடக்கும்? எனக்குக் கனமா வேணும். இடிச்சாலும் நகரக் கூடாது. ஆனா ஒட்டவும் கூடாது. ஒட்டினா இடது கையால சுரண்ட முடியாது."

ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ஊரெல்லாம் தராசோடு சுற்றினேன். கடைப்பெண்ணிடம் கேட்டேன், பெரியக்காவிடம் கேட்டேன். இவளிடம் கேட்கவில்லை.

கம்பியை அவிழ்த்தேன்.

மார்ச் 14, சனி

மறுபடி கிள்ளானில் அந்த முதல் கடை. இந்த முறை ஸ்டெ. கூட வந்தாள். நான் பையைத் திறந்ததும், "அந்தத் தராச உள்ள வைங்க, மானம் போவுது" என்றாள். கடைப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு சட்டியைக்கூட அவள் தூக்கவில்லை. கண்ணாடி மேடைமேல் வரிசையாக வைக்கச் சொல்லி, இடது கைக் கட்டை விரலால் ஒவ்வொன்றின் விளிம்பையும் தள்ளினாள். சிவப்பு ஓடியது. நீலம் ஓடியது. மூலையில் கிடந்த ஒன்று அசையவில்லை. தடித்த அடி, தாழ்ந்த விளிம்பு, நீளக் கைப்பிடி கிடையாது, இரண்டு பக்கமும் குட்டைக் காது.

"ஆன்டி, அது ரொம்ப ஹெவி. ஒரு கையால தூக்க முடியாது."

"தெரியும்மா. அதுதான் வேணும்."

"ஸ்டோன் கோட்டிங் ஆன்டி. கல்லு மாதிரி."

ஸ்டெ. என்னைப் பார்த்தாள். "அக்காகிட்ட இத மட்டும் சொல்லிறாதீங்க."

காருக்கு நான்தான் சுமந்துகொண்டு போனேன். தோள் வலி. சந்தோஷம்.

மார்ச் 16, திங்கள்

சட்டி அடுப்பின்மேலேயே இருக்கிறது. துடைக்கிறேன், எடுத்து வைப்பதில்லை. சின்னத் தீ. வெங்காயம் கிடையாது, தண்ணீர் தெளித்துப் பார்ப்பது கிடையாது, எல்லாம் பூச்சு போகாமலிருக்க. தண்ணீர் தெளிக்காவிட்டால் காய்ந்தது எப்படித் தெரியும் என்று அவளுக்கு ஒரே சலிப்பு. பாதி வாழ்க்கை தெளித்த கை, தானாகத் தம்ளருக்குப் போகிறது.

முதல் முயற்சி முட்டை. சட்டி நகரவில்லை. முட்டை பாதி திரும்பியது, பாதி மடங்கியது. ‘ச்சே’ என்றாள். நல்ல சத்தமாக.

மார்ச் 18, புதன்

தோசை மூன்று. மூன்றும் கிழிசல். கரண்டியை அடியில் நுழைக்கும்போது இடது மணிக்கட்டு திரும்ப மாட்டேன் என்கிறது. பின்னால் நின்று இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டிருந்தேன், எது விழுந்தாலும் பிடிக்கலாம் என்று.

"கோல்கீப்பரா நீங்க? ஹால்ல போய் உக்காருங்க."

ஹாலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே சொய்ங் என்கிறது. போய்ப் பார்க்கக் கூடாது. பார்க்க மாட்டேன்.

எதுவோ கீழே விழுந்தது. கரண்டி. கரண்டிதான்.

போகவில்லை.

மார்ச் 21, சனி

பெருநாள். எதிர்வீட்டிலிருந்து ரெண்டாங் கறியும் கெத்துப்பாட் சோறும் வந்தன. ஸ்டெ. ஒரு வாய் தின்றுவிட்டு, "செராய் தூக்கல்" என்றாள், எலுமிச்சைப்புல் கூடிவிட்டதாம். இத்தனை மாதமாக எதைக் கொடுத்தாலும் குறை சொல்லாமல் தின்றவள்.

ஷீலா போன். நாளைக்கு வருகிறாளாம், கேரியர் ஆளிடம் வழி சொல்லிவிட்டாளாம்.

மார்ச் 22, ஞாயிறு

வெயில். காற்று சுத்தமாக இல்லை.

பூசை முடிந்து வந்ததும் ஸ்டெ. நேராக உள்ளே போனாள். நான் ஹாலில், என் இடத்தில். ஷீலா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா எங்க?" கையைக் காட்டினேன். பதறிப்போய் உள்ளே ஓடப் பார்த்தவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து கதவு வழியாகப் பாதி அடுப்பும் ஸ்டெ.வும் தெரியும்.

ஊற்றினாள். இழுத்தாள். வட்டம் என்று சொல்ல முடியாது, மலேசிய வரைபடத்து சபா சரவாக் மாதிரி கோணல்மாணலாக இருந்தது. காத்திருந்தாள். விளிம்பு தானாக எழும்பியது. மரக்கரண்டி உள்ளே போனது. மணிக்கட்டைத் திருப்பாமல் முழங்கையோடு உடம்பையே திருப்பினாள். தோசை முழுதாகப் புரண்டது.

நான் எழுந்துவிட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு போனேன். முதல் தோசை எனக்குத்தான், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எனக்கு வைக்காமல் அவள் ஒரு வாய் தின்றதில்லை.

அவள் என் தட்டைப் பார்க்கவில்லை. தோசையைக் கையால் பிய்த்து வாயில் போட்டாள். சட்னி இல்லை, சீனி இல்லை. அடுப்பு முன்னால் நின்றபடியே, சூட்டில் ஊதி ஊதி, முழுத் தோசையையும் தானே தின்றாள். நான் காலித் தட்டோடு நின்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் பசியோடு நின்றதில்லை.

ஷீலா அழுதுவிட்டாள். பிறகு, மகள் அல்லவா, "அப்ப நாளைக்கு கேரியர் வேணாம்னு சொல்லிறவாம்மா?"

ஸ்டெ. யோசித்தாள். அடுத்த கரண்டி மாவை அள்ளினாள்.

"மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் வரட்டும். கை வலிக்குது. காலைல மட்டும் இந்த அடுப்புப் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது." என் பக்கம் திரும்பினாள். "நீங்களுந்தான்."