கரண்டியோடு உன் வீட்டுக்கு வந்தேன்

இன்று காலை கோயில் அடுக்களையில் ஒரு பொட்டலம் வெடித்தது. நான் அள்ளிப் போட்ட புளிச்சோறுதான். பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த புது ஆள் ரப்பர் பேண்டைப் போட்டதுமே பேப்பர் கிழிந்து, வாழையிலை பிதுங்கி, சோறு மேசையெல்லாம் சிதறியது. சுடுசோறு பட்டு வதங்கிய இலையின் வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனையோடு நீயும் வந்து நின்றாய்.

புது ஆள் மரியாதை தெரிந்தவர். "பரவாயில்லண்ணே" என்றார். நீயாக இருந்தால் அப்படியா சொல்லியிருப்பாய்?

"சோத்தக் குறைடா. இலைக்கும் பேப்பருக்கும் இடம் வேணாமா?"

எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டிருப்பேன். அண்டாவுக்குப் பக்கத்தில் நான், எனக்கு இடது பக்கம் நீ. நான் அள்ளுவேன், நீ மடிப்பாய். வாங்க வருகிறவர்கள் கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வருகிற தம்பிகள். நாலு பருக்கை கூடத்தான் போகட்டுமே என்பது என் கட்சி. "வழியில வெடிச்சா அந்த நாலும் ரோட்டுக்குத்தான் போகும்" என்பது உன் கட்சி. கடைசிவரை இரண்டு கட்சியும் கூட்டணி சேரவில்லை.

டன்னல் என்றால் என்னவென்று நீ எனக்குச் சொன்னதும் அதே மேசையில்தான். நீ ஆபீஸ் ஆபீஸாக நெட்வொர்க் கேபிள் இழுத்தவன். நான் ஏர்கான் கழுவுகிறவன். இரண்டு பேருமே கூரைப் பலகைக்கு மேல் தலையை நுழைத்துப் பிழைத்தவர்கள். உன் தலையில் ஏதோ கொஞ்சம் ஏறியது. என் தலையில் தூசி ஏறியது.

உன் மகள் வேலைக்கு நார்வே போன சமயம் அது. ஃபேரர் பார்க் வீட்டு ஹாலில் ஒரு கேமரா வைத்தாய். கேமரா கம்பெனிக்காரனின் ஆப் வழியாகவே பார்க்கலாமே என்று கேட்டேன். "என் வீட்டு ஹால என் மக பாக்கறா. நடுவுல எவனோ ஒருத்தன் எதுக்கு?" என்றாய். ஆனால் நேராக உள்ளே வர அவளுக்கு வழியில்லை. உன் இணைய லைனில் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே முகவரி. அடுக்குமாடி புளோக் முழுவதற்கும் கீழே ஒரே ஒரு தபால் பெட்டி வைத்த மாதிரி என்று விளக்கினாய். நீ வெளியே அனுப்பலாம். உன் கதவைத் தேடி ஒருத்தன் வர முடியாது. புது முறை முகவரியில் அப்படியில்லை, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் தனிக் கதவு நம்பர்.

"அப்ப அதையே வாங்கிட வேண்டியதுதானே?"

"லைன்காரன் இன்னும் குடுக்கலடா. பழைய ரோடுதான் இருக்கு. அதனால புது முகவரி எழுதின பொட்டலத்த, பழைய முகவரி எழுதின பேப்பர்ல இன்னொரு தடவ சுத்தி அனுப்பறோம். அந்தக் கோடியில ஒருத்தன் மேல் பேப்பரப் பிரிச்சு, உள்ள இருக்கறத புது ரோட்டுல விடுவான். டன்னல்னா அவ்வளவுதான்."

"தோண்டறது எங்க?"

"உன் தலையில."

நீ கண்ணை மூடியபிறகு அந்தக் கேமராவுக்கு வேறு வேலை வந்துவிட்டது. ஒருநாள் காலை சர்க்கரை இறங்கி உன் மனைவி ஹாலில் மயங்கி விழுந்தார். நார்வேயிலிருந்து பார்த்த மகள்தான் அடுத்த வீட்டுக்குப் போன் போட்டு எழுப்பினாள். போனில் கேட்டால் உன் மனைவி எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார், நல்லா இருக்கேன் என்று. மயங்கி விழுவதற்குச் சற்று முன்பும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

போன மாதம் உன் பழைய ரூட்டர் செத்தது. புதிதாக ஒன்று வந்தது. நீ போட்டு வைத்த டன்னல் பழசோடு போய்விட்டது. படம் நின்றது.

மகள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, பார்க்காம என்னால இருக்க முடியல. அம்மாவ இங்கயே கூட்டிட்டு வந்துடறேன். டிக்கெட் புக் பண்ணி வச்சிருக்கேன், திங்கக்கிழமை காசு கட்டணும்."

உன் மனைவி அழவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "அவ கூப்பிட்டா நான் போய்த்தான் ஆகணும்ணே. ஆனா அந்தக் குளிர்ல நான் யார்கிட்ட பேசறது? இங்க மார்க்கெட் இருக்கு, கோயில் இருக்கு, சண்டை போட மீன்காரர் இருக்கார்." கம்பெனி ஆப்போடு கடையில் விற்கும் கேமராவை வாங்கி மாட்டிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். "அவரு வேணாம்னாரு" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சில்லை, உனக்கே தெரியும்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கொடும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான், இதைச் சொல்வது யார் என்று யோசித்தேன். என் மகளும் அதையே கேட்டாள்: "அப்பா, டிவியில இன்புட் மாத்தத் தெரியாம போன வாரம் என்ன கிளாஸ்லேருந்து கூப்பிட்டீங்க லா." உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஆசிரியர்கள் நிம்மதிப் பெருமூச்சோடு அனுப்பி வைத்த ஆள் நான். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். புக்கிட் மேராவில் வேலை முடிந்ததும் ஏர்கான் தூசியோடு நேரே உன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

முதல் நாள் நான் கை வைத்ததும் வீட்டில் இருந்த இணையமும் போய்விட்டது. உன் மனைவிக்குத் தொடர் நாடகம் போனது. நாடகத்துக்குப் பதில் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதுவும் நாடகம் மாதிரித்தான் போகுதுண்ணே. ஒண்ணும் நடக்க மாட்டேங்குது" என்றார்.

விடவில்லை. இணையத்தை மீட்டு, அதில் டன்னல் கொடுக்கும் இடத்தில் பெயரைப் பதிந்தேன். அவர்கள் தந்த முகவரியை ரூட்டரில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அந்த முகவரி இருக்கிறதே, பூனை கீபோர்டில் நடந்துபோன மாதிரி எண்ணும் எழுத்தும். ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. கதவு நம்பர் கொடுத்தால் பூட்டும் போட வேண்டும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்து, கேமராவின் கதவை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பூட்டினேன். ஒருநாள் சாயங்காலம் ரூட்டரின் செட்டிங் திரையில் டன்னலுக்கு நேரே பச்சை விழுந்தது. சாமி வந்தவன் மாதிரி எழுந்து நின்றேன்.

உன் மகளுக்குப் போன் போட்டேன். "பாஸ்வேர்டு கேக்குது மாமா" என்றாள். அடித்தாள். "உள்ள விட்டிருச்சு." பிறகு, "சக்கரம் சுத்துது மாமா. படம் வரல."

அந்தச் சக்கரம் அன்று சுற்றியது, மறுநாள் சுற்றியது, நேற்றும் சுற்றியது. எழுத்து வருகிறது, படம் வரவில்லை. கேபிளை மாற்றினேன். கேமராவைக் கழற்றி, பழக்கதோஷத்தில் துடைத்தும் பார்த்தேன். நேற்று புறப்படும்போது உன் மனைவி அலமாரியின் மேலிருந்து பயணப் பெட்டியை இறக்கிவைத்திருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அதோடுதான் இன்று அண்டா பக்கத்தில் நின்றேன். பொட்டலம் வெடித்தது. உன் குரல் கேட்டது. இலைக்கும் பேப்பருக்கும் இடம் வேண்டாமா?

அள்ளிய கை அப்படியே நின்றது. சின்னப் பொட்டலம் போகிறது. பெரிய பொட்டலம் போகவில்லை. பழைய ரோடு இவ்வளவு பெரியதைத்தான் வாங்கும் என்று ஒரு அளவு வைத்திருக்கும். நான் அந்த அளவுக்கு முட்ட முட்டச் சோற்றைப் போட்டு, அதன்மேல் இன்னொரு பேப்பரையும் சுற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எழுத்து நாலு பருக்கை, போய்விடுகிறது. படம் முழுச்சாப்பாடு.

"அண்ணே, எங்க போறீங்க?" என்று புது ஆள் கேட்டது காதில் விழுந்தது. அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டேன். சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எனக்கு மரியாதையாக வழிவிட்டது. ஏன் என்று உன் மனைவி கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

"என்னண்ணே, கரண்டியோட வந்திருக்கீங்க?"

இடுப்பில் ஏப்ரன், கையில் புளி ஒட்டிய கரண்டி. அதை ரூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டன்னல் செட்டிங் திரையில், இத்தனை நாளாக நான் கண்டுகொள்ளாத ஒரு கட்டம். பொட்டலத்தின் அளவு அதுதான். ஆயிரத்து ஐந்நூறு என்றிருந்தது. ஆயிரத்து இருநூற்று எண்பது என்று குறைத்தேன். என் வாழ்க்கையில் முதல்முதலாக, கேட்டவுடன் குறைத்தேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். நார்வேயில் விடிந்தும் விடியாத நேரம். தூக்கக் கலக்கத்தோடு பாஸ்வேர்டு அடித்தாள். நானும் உன் மனைவியும் கேமராவைப் பார்த்து நின்றோம், பாஸ்போர்ட் படம் எடுக்க நிற்கிற மாதிரி.

"அம்மா."

"என்னடி?"

"மேசையில என்ன ஊறுகா பாட்டில்? டாக்டர் என்ன சொன்னாரு?"

உன் மனைவி பாட்டிலைத் தூக்கி முந்தானைக்குள் ஒளித்தார். "வந்துட்டா மேஸ்திரி" என்று என்னிடம் முணுமுணுத்தார். முணுமுணுத்தாரே தவிர, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"மாமா, ஏன் கரண்டி?" என்றாள் மகள். சொன்னேன். முழுவதும் சொன்னேன், நீ திட்டியது உட்பட.  சக்கரம் மறுபடி சுற்றுகிறதா என்று கேட்டேன். "இல்ல. டிக்கெட்ட விட்டுடறேன் மாமா" என்றாள்.

உன் மனைவி உள்ளே போனார். அலமாரியின் மேல் பெட்டியைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

நான் கரண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினேன். பாதி அண்டா இன்னும் மிச்சமிருந்தது, வரிசையும் நின்றது. அள்ளினேன். கை பழையபடி கோபுரமாக அள்ளியது. போடுவதற்கு முன், கரண்டியை அண்டாவின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். மேலே நின்ற சோறு உள்ளே விழுந்தது. புது ஆள் மடித்தார், ரப்பர் பேண்டைப் போட்டார், பொட்டலத்தை எதிரே நின்ற தம்பியின் கையில் கொடுத்தார்.

வெடிக்கவில்லை. இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாயா என்று. சொல்ல மாட்டாய். அடுத்த அள்ளுக்கும் தட்டினேன்.