இடது கை முடிச்சு

தம்பிக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்றைக்குத் தோன்றிவிட்டது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதை ஒரு மீன் சொல்லிவிட்டது.

இந்த வாரம் மழை நின்றதும் ஆற்றின் கலங்கல் முகத்துவாரம் வரை வந்து, கோடு கிழித்தாற்போல் நின்றது. இந்தப் பக்கம் தேநீர் நிறம், அந்தப் பக்கம் பச்சை. கடல் உள்வாங்கத் தொடங்கியதும் மடவைக் குஞ்சுகள் அந்தக் கோட்டோரமாக ஒதுங்கின. ஒரு பாறை மீன் என் தூண்டிலில் இரையாக மாட்டிய ரப்பர் மீனைத் துரத்தியது, கடிக்கவில்லை. ஏன் என்று இன்னும் புரியவில்லை. கல்லூரியில் அரைத்த பாடத்தையே அரைத்துவிட்டு வருகிறவனுக்கு இந்த மாதிரிப் புதிர்தான் ஆறுதல். ரப்பர் மீனைக் கலங்கலுக்குள் எறிந்து தெளிவுக்குள் இழுத்துப் பார்த்தேன். கொடுவா மீன் ஒன்று மாட்டியது. என் கை நீளம் இருக்கும்.

அதன் கடைவாயில் ஏற்கெனவே இன்னொரு ரப்பர் மீன் தொங்கியது. முள் துருப்பிடிக்கவில்லை. கூடவே அறுந்த தூண்டில் நரம்பு ஒரு சாண். இரண்டு முள்ளையும் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிச்சைப் பார்த்தேன். சுற்றெல்லாம் எதிர்ப்பக்கமாக ஓடியது. இடது கைக்காரன் கட்டியது. நுனியை மடித்து மறுபடியும் உள்ளே செருகியிருந்தது. அந்த வேண்டாத வேலையைச் செய்கிற இடது கைக்காரன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

இரைக்கடைக்காரரிடம் விசாரித்தேன். "ஆமா சார், போன வாரம் ஒருத்தர் வந்தாரு. உங்க மூக்குதான். ஆனா சிரிச்சுப் பேசினாரு" என்றார்.

ஆக, வந்திருக்கிறாய். நாம் சேர்ந்து தூண்டில் வீசிய அதே மணல்திட்டில் நின்றிருக்கிறாய். அங்கிருந்து என் மாடி விளக்கு தெரியும். பார்த்தாயா? பார்த்தும் திரும்பிப் போனாயா? என்னைப் போட்டுக் குடைவது இதுதான்.

உன் அண்ணி வீட்டை விட்டுப் போன சமயம், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் நீ சொன்னாய்: "அண்ணன் போடுற முடிச்சு எது நின்னிருக்கு? மீனும் போகும், ஆளும் போகும்." எல்லோரும் சிரித்தார்கள். நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனி. உன் முடிச்சு அசையக்கூட இல்லை. அப்படியும் கொடுவா போய்விட்டது. நரம்பு எங்கோ கல்லில் உரசியிருக்கிறது, அவ்வளவுதான். அதை யாரிடம் சொல்லிச் சிரித்தாய்?

தண்ணீர் சீக்கிரம் தெளிந்துவிடும். அந்தக் கொடுவா இன்னும் முகத்துவாரத்தில்தான் சுற்றும். திட்டில் இரண்டு பேர் நிற்கலாம். மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

உன் ரப்பர் மீனை இத்துடன் அனுப்புகிறேன். உன் முடிச்சை வெட்டிவிட்டு என்னுடையதைப் போட்டிருக்கிறேன். பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார். அது இருக்கும்போது கையெழுத்து வேறு எதற்கு? போடாமலேதான் தபாலில் சேர்க்கப் போகிறேன்.