எங்கள் வீடு இல்லாத வரைபடம்

மார்ச் 3, செவ்வாய்
மாநகராட்சி ஆபீசில், எங்கள் வார்டின் ஒன்பது குப்பைத் தொட்டிகளுக்கு இடம் குறிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எல்லாருக்கும் தொட்டி வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டு வாசலில். "எங்க தெருவுல யாரும் குப்பையே போடுறதில்ல மேடம்" என்றார் ஒருவர் போனில். அப்புறம் என்ன, தின்றுவிடுகிறார்களா?

மார்ச் 5, வியாழன்
இடம் கணக்கிடக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வீடுகளின் பட்டியலிலிருந்து எங்கள் வீட்டை நானே நீக்கினேன். தன் வீட்டுக்குச் சாதகமாகக் கணக்குப் போட்டாள் என்று நாளைக்கு யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது. என் நேர்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

மார்ச் 9, திங்கள்
கம்ப்யூட்டர் இடங்களைச் சொல்லிவிட்டது. ஏழாவது — எங்கள் வாசல்! பின்னே? வீட்டை நீக்கிவிட்டேனே, அதன் கணக்கில் அது காலி மனை. நான் பார்க்காமல் மேலதிகாரிக்கு அனுப்ப, அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாமனாரிடம் யார் சொல்வது?

மார்ச் 10
நான்தான் சொன்னேன். "தொட்டி வந்தா நான் மூத்த மக வீட்டுக்குப் போயிடுறேன்" என்று பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார். சட்டை, முட்டிவலித் தைலம் எல்லாம் அடுக்கியாகிவிட்டது. மாமியார் காலமான பிறகு அவர் வேறெங்கும் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. எனக்கு அழுகையாக வந்தது. எனக்கெதுக்கு இந்தப் பாழாய்ப்போன நேர்மை?

மார்ச் 16
தொட்டி வந்துவிட்டது. மாமனார் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை. பெட்டி வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

மார்ச் 19
வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் என்ன போடுகிறார்கள் என்று முறைக்கிறார்.

ஏப்ரல் 2
"ஏம்மா, பாட்டிலை இதுல போடாதே, தனியா வை!" என்ற குரல் தெருமுனைவரை கேட்கிறது. குப்பை கொட்ட வருகிறவர்கள் அவரிடம் கால்மணி நேரம் பேசிவிட்டுத்தான் போகிறார்கள். என்னிடம் மட்டும் இன்னும் மௌன விரதம். பெட்டியும் நகரவில்லை.

ஏப்ரல் 6
தாங்க முடியாமல் மேலதிகாரியிடம் தவறை ஒப்புக்கொண்டேன். நல்ல டோஸ். வீட்டைச் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டோம். மருந்துக்கடைச் சுவரோரம் புது இடம். ஆட்சேபணை இருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டினோம். அப்பாடா.

ஏப்ரல் 13
ஒரே ஒரு ஆட்சேபணை வந்தது. "மதிப்பிற்குரிய அம்மையீர், தொட்டியை எங்கள் வாசலிலிருந்து அகற்றும் முடிவை வன்மையாகக் கண்டிக்கிறேன்." பார்த்துப் பழகிய கையெழுத்து. கூடவே தெருக்காரர்கள் முப்பது பேரின் ஒப்பம். அடியில், பொடி எழுத்தில்: "பெட்டியைப் பரண்ல ஏத்தணும். சீக்கிரம் வாம்மா."