இடதுபக்க சார்ஜர்

மார்ச் 7, வெள்ளி

ஐம்பது நிமிடம் தாமதம். நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார் வக்கீல், பின்னால் உதவுமாம். சரி, எழுதுகிறேன்.

அலுவலகக் கீழ்த்தளத்தில் மின்சாரக் கார்களுக்கு என்று இரண்டு இடங்கள். வலதுபக்க சார்ஜர் செத்து ஐந்து மாதம் ஆகிறது. 'பழுது' என்று ஒட்டிய காகிதமே மஞ்சளாகிவிட்டது. இடதுபக்கம் வேலை செய்யும். காலை எட்டேமுக்காலுக்கு நான் போனபோது அங்கே ஒரு டீசல் வண்டி. கறுப்பு, யானை சைஸ். கொள்முதல் பிரிவுத் தலைவருடையது. லிஃப்டுக்குப் பக்கமாம், அதனால் அங்கே. அப்படியானால் வலதுபக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாமே? அங்கே தூண் இடிக்கிறதாம், கதவு முழுதாகத் திறக்காதாம்.

நான் இருப்பது வாடகை வீடு. வெளியே ஒரு பிளக் பாயின்ட் வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். வண்டி செகண்ட் ஹேண்ட், பேட்டரிக்கு வயதாகிவிட்டது, முழுக்க ஏற்றினால் நூற்றைம்பது கிலோமீட்டர். மகள் இருக்கும் ஊர் நூற்றுப் பன்னிரண்டு. ஆகவே வெள்ளிக்கிழமை பகலில் அலுவலகத்தில் சார்ஜ் போட்டால்தான் உண்டு. நாலு மணிக்குக் கிளம்பி, ஆறு மணிக்கு அவள் அம்மா வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அதே ஊரில் என் அக்கா வீடு, திரும்பி வர அங்கே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஞாயிறு மாலை வரை நானும் மகளும் அங்கே.

இன்று நெடுஞ்சாலையில் பாதி வழியில் இருக்கும் சார்ஜரில் வரிசையில் நின்று ஏற்றிக்கொண்டு போனேன். விவாகரத்து ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: ஆறு மாதத்துக்குள் மூன்று முறை அரை மணிக்கு மேல் தாமதமானால், மகளைப் பார்ப்பது வாராவாரம் என்பது மாதம் ஒருமுறை ஆகும். கையெழுத்துப் போடும்போது சிரித்தேன். எடைக்கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். அரை கிராம் பிசகினால் கண்டுபிடிப்பவன், நானா அரை மணி பிசகப்போகிறேன் என்று.

மார்ச் 10, திங்கள்

கொள்முதல் தலைவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். தன்மையாகத்தான் சொன்னேன். "அடடா, எனக்குத் தெரியவே தெரியாது சார், இனிமே பாத்துக்கறேன்" என்றார். தலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்குப் போர்டு தொங்குகிறது. படிக்கத் தெரியாதவரா கொள்முதல் பிரிவை நடத்துகிறார்?

வண்டிக்கு யானை என்று பெயர் வைத்தேன், ஆளுக்குப் பாகன். மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மார்ச் 14, வெள்ளி

யானை இல்லை. நூறு சதவீதம். ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இரண்டாவது தடவை. ஒரு மணி பத்து நிமிடம்.

காலையிலேயே யானை நின்றுகொண்டிருந்தது. பாகனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மேலே போனேன், மீட்டிங்கில் இருக்கிறாராம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். இரண்டு மணிக்கு வெளியே வந்து, "ஒரு அஞ்சு நிமிஷம் சார், சாப்பிட்டுட்டு எடுத்துடறேன்" என்றார். எடுத்தபோது மூணேகால். முக்கால் மணி நேரத்தில் அந்த சார்ஜர் என்ன கிழிக்கும்?

நெடுஞ்சாலை சார்ஜரிலும் ஒரு பெட்ரோல் கார். உள்ளே ஒரு குடும்பமே சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறது. கண்ணாடியைத் தட்டினேன். "ஏசி போட்டுட்டு ரெஸ்ட் எடுக்கறோம், அந்தப் பக்கம் போட்டுக்கோங்களேன்" என்றார் அந்த மனுஷன். எந்தப் பக்கம்? வானத்திலா? இவங்க பெட்ரோல் போடற பம்ப் முன்னாடி நான் போய்ப் படுத்துத் தூங்கினா விடுவாங்களா?

வாசலில் அவள் அம்மா நின்றாள். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். "ரெண்டு ஆச்சு. நான் எண்ணணும்னு எண்ணல. ஆனா எழுதித்தான் வெக்கணும்" என்றாள். அவளுக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார்.

மகள் — அவளை நான் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவேன், ஒன்பது வயதாகியும் — பையை மாட்டியபடி படியில் தூங்கிப்போயிருந்தாள்.

மார்ச் 22, சனி

அக்கா: "ஏன்டா, லீவு போட்டுட்டு பஸ்ல வாயேன். மூணு மணி நேரம்தானே?"

நான் ஏன் லீவு போட வேண்டும்? தப்புச் செய்தவன் அவன்.

மார்ச் 24, திங்கள்

நிர்வாகப் பிரிவு அம்மாவிடம் எழுத்துபூர்வமாகப் புகார். ஏழு புகைப்படங்கள், நேரம் போட்டு. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "சார், உங்க வண்டி ஒண்ணுக்காக..." என்று இழுத்தார்.

ஒண்ணு இல்லை, பரிசோதனைப் பிரிவில் புதிதாக வந்த பெண்ணிடமும் மின்சாரக் கார் இருக்கிறது என்றேன்.

"அவங்க கம்ப்ளைன்ட் பண்ணலையே?"

சகித்துக்கொள்கிறவர்களை வைத்து சகிக்காதவனை அடிப்பது. எல்லா அலுவலகத்திலும் இதற்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 28, வெள்ளி

செக்யூரிட்டி அண்ணனிடம் நேற்றே ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை இடதுபக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தேன். காலை ஏழேகாலுக்கு நானே போய் எடுத்துவிட்டு வண்டியை விட்டேன். பாகன் எட்டரைக்கு வந்து என் வண்டியைப் பார்த்து ஹாரன் அடித்தாராம். தன் இடத்தில் எவனோ நிற்கிறான் என்று. செக்யூரிட்டி அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஐந்து ஐம்பதுக்கு வாசலில் நின்றேன். சுண்டெலி ஐந்தரைக்கே ஷூ போட்டுவிடுவாளாம், அவள் அம்மா சொன்னாள். வண்டியில் ஏறியதும் திரையைப் பார்த்து, "இருபத்தி மூணு பர்சன்ட்பா, அத்தை வீடு வரைக்கும் போதுமா?" என்று கேட்டாள். போதும் என்றேன். ஸ்கூலில் அவளுக்கும் இன்னொருத்திக்கும் நடக்கும் சண்டையை அத்தை வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தாள். யார் பக்கம் நியாயம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் பக்கம்தான் என்று சொல்லிவைத்தேன்.

சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவிட வேண்டியதுதானே.

ஏப்ரல் 3, வியாழன்

நேற்று காலை கூம்பைக் காணோம். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்தது. டயர் தடம் தெளிவாக. எந்த டயர் என்று சொல்லவும் வேண்டுமா?

செக்யூரிட்டி அண்ணன் குரலை இறக்கி, "நான் பாக்கல சார், என்னை சாட்சிக்குக் கூப்பிடாதீங்க" என்றார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள்.

இரவு தூங்கவில்லை. அவனிடம் என்ன சொல்ல வேண்டும், அவன் என்ன பதில் சொல்வான், அதற்கு நான் எப்படி மூக்கை உடைக்க வேண்டும். காலை வரை அதே ஓட்டம். நடுவில் ஒருமுறைகூட சுண்டெலியை நினைக்கவில்லை. இதைக் காலையில்தான் கவனித்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மூன்றாவது.

எழுத வரவில்லை. நாளைக்கு.

ஏப்ரல் 5, சனி

அக்கா வீடு. சுண்டெலி உள்ளே அக்காவோடு சீட்டு விளையாடுகிறாள். வக்கீலிடம் இந்தப் பக்கத்தைக் காட்டப்போவதில்லை.

நேற்று காலை ஏழு மணிக்கே போய் வண்டியைச் சொருகிவிட்டேன். யானை வரவில்லை. மூணே முக்காலுக்குக் கீழே வந்தேன். எண்பத்தாறு சதவீதம். ஏதோ ஒரு மணி நேரம் மின்சாரம் போயிருந்ததாம், அதனால் முழுதாக ஏறவில்லை. இருந்தாலும் போதும், நன்றாகவே போதும். வயரைக் கழற்றிச் சுருட்டி மாட்டினேன். வண்டியைப் பின்னால் எடுத்தேன், திருப்பினேன். அப்போது யானை வந்தது. வெளியே போய்விட்டுத் திரும்புகிறது. வரிசை முழுக்கப் பாதி இடம் காலி. நேராக வந்து, என் சூடு ஆறுவதற்குள், இடதுபக்கத்தில் நுழைந்தது.

கண்ணாடியை இறக்கி, "சார், அது சார்ஜ் போடற இடம்" என்றேன்.

"நீங்கதான் எடுத்துட்டீங்களே? இப்ப காலிதானே?" சிரித்துக்கொண்டே லிஃப்டுக்குள் போனார்.

வலப்பக்கம் திரும்பினால் வெளியே போகும் சரிவு. நான் இடப்பக்கம் ஒடித்தேன். யானைக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தினேன். இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் தூண், பின்னால் நான். வண்டியை அணைத்து, கதவைப் பூட்டி, உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். இன்னைக்கு ஒரு கை பாத்துடலாம். அது மட்டும்தான் அப்போது மண்டையில்.

நாலு மணி. நாலரை. கிளம்பலாம் என்று ஒருமுறை தோன்றியது. நான் போன மறு நிமிடம் அவன் இறங்கி வந்து ஜம்மென்று போவான் என்று நினைத்தேன். போகவில்லை. நாலே முக்காலுக்கு அவள் அம்மாவுக்கு, "சார்ஜ் போடும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்கள், பிரச்சினை" என்று செய்தி அனுப்பினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. முழுசும் பொய்.

ஐந்தேகாலுக்குப் பாகன் வந்தார். முதலில் கத்தினார். பிறகு செக்யூரிட்டி அண்ணனைக் கூப்பிட்டார், நிர்வாக அம்மாவைக் கூப்பிட்டார். கூட்டம் சேர்ந்தது. நான் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி, "ஸாரி சொல்லட்டும், எடுக்கறேன்" என்றேன். அவருக்கு ஏதோ விமானம் பிடிக்க வேண்டுமாம். முகம் கறுத்துப் போய்விட்டது. கடைசியில் எல்லார் முன்னாலும் சொன்னார். "ஸாரி சார். இனிமே நிறுத்த மாட்டேன்."

எவ்வளவு இனித்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு இனிப்பு இல்லை. சரிவில் ஏறி வெளியே வந்தபோது விசில் அடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து முப்பத்தைந்து.

ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் அம்மா கதவைத் திறந்தாள். "அஞ்சரைக்கு ஷூ போட்டா. ரெண்டு தடவை கழட்டச் சொன்னேன், கேக்கல."

நடந்ததைச் சொன்னேன். எண்பத்தாறை விட்டுவிட்டுச் சொன்னேன்.

சுண்டெலி கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த அங்கிள் ஸாரி சொன்னாராப்பா?"

"சொன்னார்டா."

"அப்ப நீ ஜெயிச்சுட்டியா?"

அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

அவள் அம்மாவின் வக்கீலிடமிருந்து கடிதம். இரண்டே பத்தி. மரியாதையான மொழி. என் வக்கீல் படித்துவிட்டு, "தேதியெல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார். சரியாக இருக்கிறது. "உங்க தப்பு இல்லைன்னு காட்ட ஏதாவது வெச்சிருக்கீங்களா? எழுதச் சொன்னேனே?"

எதுவும் எழுதவில்லை என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாலை முழுக்க வீட்டில். அடுப்படிக் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்றினேன். சொட்டுவது நின்றது.

ஏப்ரல் 17, வியாழன்

சுற்றறிக்கை வந்திருக்கிறது. மின்சார வண்டிகளுக்கான இடத்தில் வேறு வண்டி நிறுத்தினால் முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை பார்க்கிங் பாஸ் ரத்து. தரையில் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். வலதுபக்க சார்ஜருக்கு ஆள் வரப்போகிறாராம். நிர்வாக அம்மா என் மேஜை வரைக்கும் வந்து, "எல்லாம் உங்களாலதான் சார்" என்றார். பாராட்டுகிறாரா குத்துகிறாரா என்று தெரியவில்லை. நன்றி என்றேன்.

யானை இப்போது கடைசி வரிசையில் நிற்கிறது. பாகன் எதிரே வந்தால் வணக்கம் வைக்கிறார். நானும் வைக்கிறேன். நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்கிறார், நாசமாய்ப் போக.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் சொருகினேன். இரண்டு மணிக்கே நூறு ஆகிவிட்டது. வலதுபக்கத்துக்கு ஆள் இன்னும் வரவில்லை.

என் முறை அடுத்த மாதம் ஒன்பதாம் தேதிதான். போன ஞாயிறு போனில் சுண்டெலி, வெள்ளிக்கிழமைகளில் நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். ஷூ தேவையில்லையாம், செருப்புப் போதுமாம்.

நாலு மணிக்கு வழக்கம்போலக் கீழே இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பரிசோதனைப் பிரிவுப் பெண் தன் வண்டியைப் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"சார், எடுக்கப் போறீங்களா? ஊருக்குப் போகணும். எனக்குப் பன்னெண்டு பர்சன்ட்தான் இருக்கு."

"இன்னும் ஆகலம்மா" என்றேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்ல முடியாது."

அவள் திரையை எட்டிப் பார்க்கவில்லை. நம்பிவிட்டாள். பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டி சரிவில் மெதுவாக ஏறிப் போகும் சத்தம் கேட்டது. ஆறு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.